சைக்காலஜிஸ்ட்ட முதல் தடவ பாக்கப் போறீங்களா? உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு, விரலெல்லாம் மரத்துப் போயி, ஹார்ட் அட்டாக் தான்னு முடிவு பண்ணி ஆட்டோ புடிச்சு ஓடினேன். ஈசிஜி நார்மல். அடுத்த மாசம் மறுபடியும் அதே கதை, அதே நார்மல். மூணாவது தடவ டூட்டி டாக்டர் "ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, ஒரு சைக்காலஜிஸ்ட்ட பாருங்க"ன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. எவனாவது கிறுக்குத்தனம் பண்ணா "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு சொல்லி சிரிச்சே வளந்தவன் நான். அந்த கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794-ல ஆரம்பிச்சது, 200 வருஷத்துக்கு மேல எத்தனையோ பேருக்கு வைத்தியம் பாத்துட்டு இருக்கு, ஊருக்கு மட்டும் அது இன்னமும் கிண்டல் வார்த்தை. அந்த சீட்ட பர்ஸ்ல வச்சுக்கிட்டே 4 மாசம் சுத்துனேன்.

அப்புறம் போனேன், மொத்தம் 14 செஷன். போறதுக்கு முன்னாடி யாராவது இதெல்லாம் சொல்லியிருந்தா அந்த 4 மாசம் மிச்சமாயிருக்கும், அதான் எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயத்த மண்டைல ஏத்திக்கோங்க, அங்க அட்வைஸ் கிடைக்காது. நம்ம ஊர்ல வாயத் தொறந்தாலே அட்வைஸ் தான். மாமா ஒண்ணு சொல்வாரு, மேல் வீட்டு ஆன்ட்டி ஒண்ணு சொல்வாங்க, டீக்கடைல பக்கத்துல நிக்கிறவர் கூட "காலைல எந்திரிச்சு வாக்கிங் போங்க சார் எல்லாம் சரியாயிடும்"பாரு. அதனால காசு குடுத்து ஒருத்தர பாக்கப் போறோம்னா இன்னும் பெரிய அட்வைஸா கிடைக்கும்னு நெனச்சுட்டுப் போயி உக்காருவோம். நான் முதல் செஷன் முடிஞ்சு வெளிய வந்து ஃப்ரெண்டுக்கு போன் பண்ணி சொன்னது இதான்: "மச்சான், அந்தம்மா ஒண்ணுமே சொல்லலடா, கேள்வியா கேட்டுத் தள்ளுறாங்க, 1,200 ரூபா போச்சு." அந்தக் கேள்விங்க தான் வைத்தியம்னு புரிய எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு.

சரி, யார்கிட்ட போறது. சைக்கியாட்ரிஸ்ட்டுன்னா எம்பிபிஎஸ் முடிச்சு மேல மனநலத்துல படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாரு. சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டாங்க, எழுதவும் கூடாது, அவங்க வேலை பேச்சு, பயிற்சி, டெஸ்ட்டுங்க. சைக்காலஜிஸ்ட்டுன்னு போர்டு போட்டுட்டு மாத்திரை பட்டைய நீட்டினா எந்திரிச்சு வந்துருங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னு போட்டுக்கணும்னா ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு நம்பர் இருக்கணும், அந்த வெப்சைட்ல பேர் போட்டுத் தேடலாம், நேராவும் கேக்கலாம், கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க. எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சு கவுன்சிலரா இருக்கவங்கள்லயும் நல்லா பண்றவங்க உண்டு, ஆனா என்ன படிச்சிருக்காங்க, யார்கிட்ட பயிற்சி எடுத்தாங்கன்னு கேட்டுக்கோங்க. ஒரு வார ஆன்லைன் சர்டிஃபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு உக்காந்திருக்கவங்களும் இருக்காங்க.

நான் முதல்ல மாட்டுனது அப்படி ஒருத்தர்கிட்ட தான், பேர் வேணாம். 20 நிமிஷம் கேட்டாரு, அப்புறம் "கல்யாணம் ஆகலல்ல, அதான், ஆச்சுன்னா சரியாயிடும்"னாரு. அதச் சொல்றதுக்கு எங்க பெரியம்மா இருக்காங்களே, ஃப்ரீயா சொல்வாங்களே. மூணு சிட்டிங்ல கேரண்டின்னு சொல்றவங்க, ஜாதகம் கேக்குறவங்க, தன் கதையவே முக்கால் மணி நேரம் பேசுறவங்க, செஷனுக்கு வெளிய காபி சாப்பிடலாமான்னு மெசேஜ் போடுறவங்க, எல்லாம் வேணாம்.

காசு இல்லன்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கும், மத்த ஊர்ல மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மாவட்ட மனநலத் திட்டம்னு கேளுங்க. கூட்டம் இருக்கும், பிரைவேட் மாதிரி ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் உக்கார வச்சுப் பேச முடியாது, ஆனா ஆரம்பிக்கிறதுக்கு நல்ல எடம். போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ், 2022-ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. செத்துரலாம்னு தோணுது, கையில ஏதோ எடுத்து வச்சிருக்கீங்கன்னா அப்பாயின்ட்மென்டுக்கு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே அந்த நம்பர், இல்ல பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, கூட ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க.

மொழி விஷயம் ஒண்ணு சொல்லணும். எனக்கு ஆபிஸ்ல இங்கிலீஷ் சரளமா வரும், அதனால யார்கிட்டனாலும் பரவால்லன்னு நெனச்சேன். ஆனா இங்கிலீஷ்ல சொன்னா எல்லாம் "ஸ்ட்ரெஸ்" "ஆங்சைட்டி"ன்னு ரெண்டு வார்த்தைல முடிஞ்சுருது. தமிழ்ல பேச ஆரம்பிச்சப்ப தான் மனசு கெடந்து அடிச்சுக்குது, வயித்தப் பெரட்டுது, யார் மூஞ்சியும் பாக்கப் புடிக்கலன்னு ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. ஒரு தடவ "கடுப்பா இருக்கு மேடம்"னேன். "அந்தக் கடுப்பு கோவமா, இல்ல பயமா?"ன்னு கேட்டாங்க. என்னடா கேள்வி இதுன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வர்ற வழி பூரா அதையே யோசிச்சேன், பயம் தான். அதனால நீங்க கனவு காணுற மொழில பேசுற ஆளா பாருங்க, நேர்ல கிடைக்கலன்னா வீடியோ கால்ல கூட ஓகே, கதவ சாத்திட்டு ஹெட்ஃபோன் போட்டுக்கிற எடம் வீட்ல இருந்தா. இல்லாதவங்க பார்க் பண்ண கார்ல உக்காந்து பேசுறாங்க, மொட்டை மாடி தண்ணி டேங்க் பக்கத்துல உக்காந்து பேசுறாங்க, அதெல்லாம் சகஜம்.

முதல் நாள் கொஞ்சம் முன்னாடி போங்க, ஃபார்ம் நிரப்பணும். தூக்கம் எப்படி, பசி எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, தண்ணி சிகரெட் உண்டா, வீட்ல யாருக்காவது மனநல பிரச்சினை இருந்துச்சா, இதெல்லாம் இருக்கும். தண்ணி விஷயத்துல பொய் சொல்லாதீங்க, அவங்க உங்க அப்பா இல்ல. கூடவே கேள்வித்தாள் ஒண்ணு ரெண்டு தருவாங்க. எனக்குக் குடுத்தது பிஎச்க்யூ-9, மனச்சோர்வு எவ்ளோ இருக்குன்னு பாக்குறது, போன 2 வாரம் எப்படி இருந்தீங்கன்னு 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27. இதுல மார்க் கூடுனா சந்தோஷப்படக் கூடாது, அவ்ளோ தான். ஒன்பதாவது கேள்வி செத்துரலாம்னு தோணுதான்னு இருக்கும். அதப் பாத்து திக்குன்னு ஆகாதீங்க, எல்லார்கிட்டயும் கேக்குறது தான், உள்ளத உள்ளபடி போடுங்க. ஆமான்னு போட்டா உடனே புடிச்சு அட்மிட் பண்ணிருவாங்கன்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அப்படி நடக்காது. எவ்ளோ நாளா தோணுது, ஏதாவது பண்ணனும்னு பிளான் இருக்கா, வீட்ல யார் இருக்காங்கன்னு பொறுமையா கேப்பாங்க, அத வச்சு தான் அடுத்தது.

பழைய பிளட் ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டுப் போங்க, இல்லன்னாலும் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பாத்துட்டு வரச் சொல்லலாம். தைராய்டு கொறஞ்சா மனசு சோர்ந்து தான் கெடக்கும், கூடுனா படபடப்பு வரும். உடம்புல உள்ளத விட்டுட்டு மனசையே நோண்டிட்டு இருக்கக் கூடாதுல்ல.

இன்னொண்ணு, போன் நோட்ஸ்ல மூணே மூணு வரி எழுதிட்டுப் போங்க: என்ன ஆகுது, எப்போல இருந்து, இப்ப ஏன் வந்தீங்க. நான் வெறுங்கையோட போயி "சொல்லுங்க"ன்னு அவங்க கேட்டதும் "ஒண்ணும் இல்ல மேடம், சும்மா தான்"னேன். சும்மாவா. மூணு தடவ எமர்ஜென்சிக்கு ஓடுனவன், லிஃப்ட்ல ஏறாம ஆறு மாடி நடக்குறவன், சும்மா தான்னு சொல்றான். அவங்க சிரிக்கல, "சும்மா வர்றதுக்கு ரொம்ப தூரம் வந்திருக்கீங்களே"ன்னு மட்டும் சொல்லிட்டு அமைதியா இருந்தாங்க. அந்த அமைதி இருக்கே, நமக்கு அது பழக்கமே இல்ல, வீட்ல ரெண்டு நிமிஷம் பேசாம உக்காந்தா "என்னாச்சு"ன்னு கேட்டுருவாங்க. அங்க அமைதிய அப்படியே விடுவாங்க. அதுல தான் நம்ம வாய் தன்னால தொறக்கும். எனக்குத் தொறந்துச்சு, அப்பா ஆக்சிடென்ட்ல போனதப் பத்தி, நான் பேச வந்ததே அது இல்ல. டேபிள்ல டிஷ்யூ பாக்ஸ் நம்ம கைக்கு எட்டுற மாதிரி தான் வச்சிருப்பாங்க, எனக்குப் பின்னாடி இருந்த சுவர் கடிகாரம் அவங்க பாக்குறதுக்கு. அழுதா அழுங்க, அழுகை வரலன்னாலும் குத்தம் இல்ல, முழு செஷனும் ஜோக்கடிச்சுட்டே போறவங்களும் இருக்காங்க.

முதல் நாளே அவங்க சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, சொல்லலன்னா நீங்க கேளுங்க: நான் பேசுறது யாருக்குப் போகும்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல ரகசியத்துக்கு உரிமை இருக்கு, உங்க அனுமதி இல்லாம அம்மாகிட்டயோ புருஷன்கிட்டயோ ஆபிஸ்லயோ சொல்லக் கூடாது. விதிவிலக்கு உண்டு. உங்க உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா தேவையான அளவுக்கு சொல்லலாம், கொழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி புகார் பண்ணியே ஆகணும், கோர்ட் கேட்டா குடுக்கணும். ஆபிஸ்ல இருந்து ஃப்ரீ கவுன்சிலிங் தர்றாங்கன்னா ஹெச்ஆருக்கு என்ன ரிப்போர்ட் போகும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. வீட்டுக்குத் தெரியாம போறவங்க (நிறைய பேர் அப்படித்தான்) ஜிபேல காசு போட்டா ஹிஸ்டரில கிளினிக் பேர் வரும், அதையும் பாத்துக்கோங்க. இன்சூரன்ஸ்ல மனநோய்க்கும் உடம்பு நோய் மாதிரியே கவர் குடுக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு, ஆனா சாதாரண பாலிசி அட்மிட் ஆனா தான் பேசும், வாரா வாரம் போற செஷனுக்கு ஓபி கவர் இருக்கான்னு பாலிசிய எடுத்துப் பாருங்க.

அம்மா விஷயம். நான் போயிட்டு வந்த அன்னைக்கு சாப்பாடு போட்டுக்கிட்டே "அங்க என்னைப் பத்தி என்னடா சொன்ன?"ன்னு தான் முதல் கேள்வி. அவங்களுக்கு அங்க தன் வளர்ப்பு மேல பஞ்சாயத்து நடக்குதுன்னு ஒரு பயம். "தூக்கம் வர்றதுக்கு பயிற்சி சொல்லித் தர்றாங்கம்மா"ன்னேன், அது பொய்யும் இல்ல. எல்லாத்தையும் வீட்ல ஒப்பிக்கணும்னு கட்டாயம் கெடையாது. நானும் உள்ள வந்து உக்காருவேன்னு அடம் பிடிச்சாங்கன்னா சைக்காலஜிஸ்ட்டே சமாளிப்பாங்க, நீங்க சரின்னா மட்டும் கடைசி 10 நிமிஷம் கூப்பிட்டுப் பேசுவாங்க.

ரெண்டாவது மூணாவது செஷன் போரடிக்கும், சொல்லிடுறேன். குடும்ப மரம் மாதிரி படம் போட்டு யார் யாருக்கு என்ன உறவு, யார் யார்கிட்ட பேசுறதில்லன்னு கேப்பாங்க, ஸ்கூல், வேலை, காதல்னு போகும். நமக்கு அவசரம், நெஞ்சு படபடப்புக்கு எங்க சித்தப்பா கதை எதுக்குன்னு தோணும். அந்த நேரத்துல தான் நிறைய பேர் நின்னுடுறாங்க. அதத் தாண்டி போங்க, வேலை அதுக்கப்புறம் தான் ஆரம்பிக்குது.

எனக்கு பண்ணது சிபிடி, அதாவது காக்னிடிவ் பிஹேவியர் தெரபி. நெனப்பு, உணர்ச்சி, நடந்துக்கிற விதம் மூணும் ஒண்ண ஒண்ணு இழுத்துட்டுப் போகுது, அதுல எங்கயாவது ஒரு முடிச்ச அவுக்கலாம்ங்கிறது தான் அதோட கணக்கு, ஆரன் பெக்னு அமெரிக்க டாக்டர் 1960-கள்ல கொண்டு வந்தது. கேக்க பெரிசா இருக்கும், கையில குடுத்தது கட்டம் போட்ட ஒரு பேப்பர். நான் எழுதுன முதல் வரி இன்னும் இருக்கு. என்ன நடந்துச்சு: மேனேஜர் "கொஞ்சம் கேபினுக்கு வாங்க"ன்னு மெசேஜ். என்ன தோணுச்சு: வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. எவ்ளோ நம்புனீங்க: 90. உடம்புல என்ன: கை ஜில்லு, வயிறு. அடுத்த கட்டத்துல, அப்படித் தூக்குவாங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்னு எழுதணும், அங்க பேனா அப்படியே நின்னுடுச்சு. கேபின்ல அவரு கேட்டது மார்ச் மாச ஜிஎஸ்டி பில் காப்பி. மூணு வாரத்துல இதே மாதிரி 11 வரி சேந்துச்சு, பதினொண்ணுலயும் ஒரே ஆளு கதை சொல்றான், ஒரே கிளைமாக்ஸ் தான், "எல்லாம் போச்சு." யாரும் எனக்கு நெகட்டிவா யோசிக்காதன்னு சொல்லல பாருங்க. சொல்லியிருந்தா தலைய ஆட்டிட்டு மறந்திருப்பேன்.

ஆறாவது செஷன் தான் மறக்கவே முடியாது. ஈசிஜி, தைராய்டு ரிப்போர்ட்ட எல்லாம் இன்னொரு தடவ பாத்துட்டு "ஒரு நிமிஷம் வேகமா, ஆழமா மூச்சு விடுங்க, நானும் கூட பண்றேன்"னாங்க. பண்ணோம், ரெண்டு பேரும், நாய் இளைக்கிற மாதிரி. 40 செகண்டுல அதே மரத்துப் போன விரலு, அதே தலைசுத்தல், அதே படபடப்பு. எனக்கு வேர்த்துப் போச்சு. "இது ஹார்ட் அட்டாக்கா?"ன்னு கேட்டாங்க. இல்ல. "யாரு வரவச்சது?" நான் தான். வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறையும், அதனால விரல் மரக்கும், தலை சுத்தும், அதப் பாத்து பயந்து இன்னும் வேகமா மூச்சு விடுவோம். அப்படியே உக்காந்து பாத்துட்டே இருக்கச் சொன்னாங்க, ஓடாம, தண்ணி குடிக்காம. கொஞ்ச நிமிஷத்துல தன்னால எறங்கிடுச்சு. எறங்கும்னு அவங்க சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன், எறங்குனத நானே பாத்தேன். (இத வீட்ல தனியா ட்ரை பண்ணாதீங்க, இதய பிரச்சினை, வலிப்பு, ஆஸ்துமா இருக்கவங்களுக்கு இது ஆகாது.)

எல்லாருக்கும் இதே இல்ல. துக்கத்துக்கு வேற, சின்ன வயசு கொடுமைக்கு வேற, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு வேற மாதிரி போகும், நான் எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். சில சமயம் அவங்களே "இதுக்குக் கூட மாத்திரையும் வேணும்"னு சைக்கியாட்ரிஸ்ட்ட அனுப்புவாங்க, என்னையும் அனுப்புனாங்க. சும்மா கை கழுவி விடுறாங்கன்னு நெனைக்க வேணாம், ரெண்டும் சேந்து போகும். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், நல்லா ஆயிட்டோம்னு நீங்களா நிறுத்தாதீங்க.

செஷன் முடிஞ்ச உடனே மீட்டிங் வைக்காதீங்க. கீழ இருந்த பெட்டிக்கடைல ஒரு டீய வாங்கிட்டு அரை மணி நேரம் சும்மா நின்னுட்டுத் தான் நான் பஸ் ஏறுவேன். சில நாள் போறதுக்கு முன்னாடி இருந்தத விட மோசமா இருக்கும், ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசப் புடிக்காது, பழச கிளறுனா அப்படித்தான். ஆனா அது வாரக்கணக்கா அப்படியே நின்னுச்சுன்னா போயி சொல்லுங்க. "எனக்கு இது செட் ஆகல மேடம்"னு மூஞ்சிக்கு நேரா சொல்றது நமக்கு வராது, சொல்லாம போறத நிறுத்திடுவோம், போனையும் எடுக்க மாட்டோம். அவங்களுக்கு இது புதுசில்ல, சொன்னா வழிய மாத்துவாங்க, இல்ல வேற ஆள சொல்வாங்க. நாலஞ்சு செஷனுக்கு ஒரு தடவ எங்க வந்திருக்கோம்னு கேளுங்க. கேன்சல் பண்ணா முந்தின நாளே சொல்லணும், இல்லன்னா முழு ஃபீஸ், அதுல எனக்கு ஒரு தடவ 1,200 போச்சு, இன்னும் வயித்தெரிச்சல் தான்.

வாரா வாரம் போயி, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, அப்புறம் மாசம் ஒண்ணு, எனக்கு இப்படி எட்டு மாசம் ஆச்சு. இப்பவும் எப்பவாவது படபடப்பு வரும், வருதுன்னா வரட்டும்னு லிஃப்ட்ல தான் போறேன்.

இவ்ளோ படிச்சும் நம்பர எடுத்து வச்சுட்டு என்ன டைப் பண்றதுன்னு முழிக்கிறவங்களுக்கு, நான் அனுப்புன மெசேஜே இது, அப்படியே காப்பி பண்ணிக்கோங்க: "வணக்கம் மேடம். ரெண்டு மூணு மாசமா தூக்கம் சரியில்ல, படபடப்பா இருக்கு, டாக்டர் உங்கள பாக்கச் சொன்னாரு. இந்த வாரம் சாயங்காலம் டைம் இருக்குமா? ஃபீஸ் எவ்ளோ, எவ்ளோ நேரம்னு சொல்லுங்க. போன் பண்ண வேணாம், மெசேஜ் போதும், வீட்ல இருக்கேன்."